கிளான் என்றால் இனக்குழு அல்ல, குலம்

'குகைக்கரடி இனக்குழு.' ஜீன் ஆவுல் எழுதிய தொல்பழங்கால நாவல் வரிசையைப் பற்றித் தமிழில் பேச வருகிறவர்கள் முதல் நாவலின் தலைப்பை இப்படிச் சொல்வதைப் பல தடவை கேட்டாயிற்று. அண்மையில் ஒரு நூல் அறிமுகத்தில் மறுபடியும் காதில் விழுந்தது. அதே மேடையில் இன்னொருவர் 'குகைக்கரடிக் கூட்டம்' என்றார். கேட்டவர்கள் இது கரடிகளின் கதை என்று எண்ணியிருந்தால் அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. மூலத்தில் உள்ள சொல் கிளான். அதற்குத் தமிழில் குலம் என்ற சொல் இருக்கும்போது இனக்குழுவை ஏன் தேடிப் போகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்தக் கதையில் அந்த மாற்றம் செய்யும் கேடு சிறியதும் அல்ல.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1980 முதல் 2011 வரை ஆறு நாவல்களாக வந்த வரிசை இது. பனியூழிக் காலத்து ஐரோப்பாவில் ஒரு நிலநடுக்கம். ஐந்து வயதுச் சிறுமி அய்லா பெற்றோரை இழந்து தனியே அலைகிறாள். குகைச்சிங்கம் ஒன்று அவள் தொடையைக் கீறிவிடுகிறது. சாகும் நிலையில் கிடந்தவளை நியாண்டர்தால் மருத்துவச்சி இஸா எடுத்து வளர்க்கிறாள். அய்லா நம்மைப் போன்ற மனித இனம்; எடுத்தவர்கள் வேறு இனம். அவர்களுடைய கண்ணுக்கு அவள் நெற்றி விகாரமானது, அழுகை விசித்திரமானது, பேச்சு அளவுக்கு மீறியது. அவர்களில் ஒருத்தியாக வேண்டும் என்று அவள் படும் பாடுதான் முதல் நாவல். பிற்பாடு தன் இனத்தாரிடையே போய்ச் சேர்ந்த பிறகும், விலங்கு போன்றவர்களிடம் வளர்ந்தவள் என்ற இளக்காரம் அவளைத் தொடர்கிறது.

சொல்லின் பிறப்பு. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் கிளான் என்றால் பிள்ளைகள், வழித்தோன்றல்கள். அது பழைய ஐரிஷில் இருந்து வந்தது. ஐரிஷுக்கு லத்தீனின் 'பிளாண்டா'விலிருந்து வந்தது. பிளாண்டா என்றால் முளை, கன்று. கடன் வாங்கிய காலத்து ஐரிஷில் பகர ஒலி இல்லாததால் அந்த இடத்தில் ககரம் ஏறிக்கொண்டது. வேல்ஸ் மொழியில் பகரம் அப்படியே நின்றுவிட, அங்கே இன்றும் பிள்ளைகளுக்குப் 'பிளாண்ட்' என்றுதான் பெயர். ஆங்கிலத்தில் செடியைக் குறிக்கும் சொல்லும் இதே வேரில் கிளைத்தது. ஒரு முளையிலிருந்து வந்தவர்கள் என்பதே பொருள். நாம் வாழையடி வாழை என்கிறோமே, அதே எண்ணம். ஓர் எச்சரிக்கை: கிளான், கிளை இரண்டும் ஒலியில் நெருங்கி நிற்பதைக் கண்டு, ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்று எழுதக் கிளம்பிவிடக் கூடாது. எண்ணம் ஒன்று, வேர் வேறு.

மானிடவியலார் இந்தச் சொல்லை எடுத்து வரையறுத்தார்கள். ஒரே முன்னோரின் வழிவந்தோம் என்று நம்புகிறவர்கள், ஆனால் அந்த முன்னோர் வரை படிப்படியாகப் பெயர் சொல்ல இயலாதவர்கள். பெரும்பாலும் தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்காதவர்கள். படிப்படியாகப் பெயர் சொல்ல முடிந்தால் அது கால்வழி. இவ்வளவுதான் வரையறை.

இனி இனக்குழுவுக்கு வருவோம். இந்தச் சொல்மேல் எனக்குப் பகை இல்லை. சங்ககாலச் சமூகத்தை ஆராய்ந்தவர்கள் 'இனக்குழுச் சமூகம்' என்று எழுதியபோது, அரசு உருவாவதற்கு முந்தைய பழங்குடி அமைப்பைக் குறித்தார்கள். அங்கே அது பொருந்தி நின்றது. பிறகு செய்தித்தாள்கள் ருவாண்டாவின் ஹூட்டு, டுட்சி மக்களுக்கு அதையே எடுத்தார்கள். அதையும் ஏற்கலாம். இப்போது குலத்துக்கும் அதுதான், இருபது முப்பது பேர் சேர்ந்து வேட்டையாடித் திரியும் குழுவுக்கும் அதுதான். நான்கு வேறு பொருள்களுக்கு ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எதை விளக்க முடியும்?

செனகா மக்களைப் பாருங்கள். வட அமெரிக்காவின் இரோகுவாய் கூட்டமைப்பைச் சேர்ந்த அவர்களுக்குள் ஓநாய், கரடி, ஆமை, நீர்வாழ் கொறிவிலங்கான பீவர், மான், உள்ளான், நாரை, பருந்து என்று எட்டுக் குலங்கள். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். அவர்களை ஆராய்ந்த லூயி ஹென்றி மார்கனைப் பருந்துக் குலத்தில் ஏற்று, பெயரும் சூட்டினார்கள். அயலான் ஒருவனுக்கு உள்ளே இடம் தரும் வழி அதுதான்: ஒரு தாய், ஒரு குலம், ஒரு பெயர். இதை 'செனகா இனக்குழுவின் பருந்து இனக்குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்' என்று எழுதிப் பாருங்கள். வாசிக்கிறவருக்கு என்ன புரியும்?

சோமாலியாச் செய்திகளில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். சோமாலியர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மதம். அவர்களைப் பிரிப்பது தந்தைவழிக் குலம்: ஹவியே, டரோட், டிர், இசாக், ரகன்வெய்ன். குழந்தைக்கே தன் முப்பாட்டன் வரிசையை ஒப்பிக்கக் கற்றுத்தருகிறார்கள். அந்நாட்டு நாடாளுமன்ற இடங்களைக்கூட, இசாக்கை டிரோடு சேர்த்து எண்ணி, நான்கு பெருங்குலங்களுக்குச் சமபங்கும் ஏனையோருக்கு அரைப்பங்கும் என்று வகுத்திருக்கிறார்கள். அதைத் தமிழில் 'இனக்குழு மோதல்' என்று எழுதினால், ருவாண்டாவைப் போல் இரண்டு இனங்கள் மோதுவதாகத்தான் வாசகர் நினைப்பார். உண்மையில் அது பங்காளிகளின் மோதல். செய்தியின் சாரமே பறிபோகிறது.

ஆவுலின் கதைக்கு இது இன்னும் பொருந்தும். நியாண்டர்தாலும் நாமும் வேறு வேறு மனித இனங்கள் என்று பள்ளிப் பாடமே சொல்கிறது. 'இனம்' என்ற சொல் அங்கேயே செலவாகிவிட்டது. அய்லாவின் கதை முழுவதும் நிற்பது ஒரே முரணின்மேல்: இனத்தால் வேறு, குலத்தால் அவர்களுடையவள். குலத்துக்கும் இனக்குழு என்று போட்டால் 'வேறு இனத்தாள் அந்த இனக்குழுவைச் சேர்ந்தவள்' என்று வாக்கியம் தன் காலையே வெட்டிக்கொள்கிறது. அவள் உள்ளே வந்த விதத்தையும் கவனியுங்கள். இஸாவின் உடன்பிறந்தவனான கிரெப், ஒரு கண்ணும் ஒரு கையும் இழந்தவன், குலத்தின் பெரும்பூசாரி. சிறுமியின் தொடையில் இருந்த நகக்கீறல்களைப் பார்த்து, குகைச்சிங்கமே இவளைத் தேர்ந்திருக்கிறது, அதுவே இவளுடைய குலக்குறி என்கிறான். குறி கிடைத்த பிறகுதான் இடம் கிடைக்கிறது.

இங்கே 'குலக்குறி' என்றேனே, அது என் ஆக்கம் அல்ல. ஒரு குலம் தன் அடையாளமாகக் கொள்ளும் விலங்கையோ செடியையோ குறிக்கும் டோட்டம் என்பதற்குத் தமிழ் மானிடவியல் நூல்களில் நிலைத்துவிட்ட சொல் அது. டோட்டம் ஒஜிப்வே மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அதன் வேர்ச்சொல் குலத்தையே குறிக்கும். குறியில் குலம் இருக்கும்போது குறிக்கு உரியவர்களை மட்டும் இனக்குழு ஆக்குவது எந்த முறை? சிலர் ஒரே பத்தியில் இரண்டையும் எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் அகராதியைப் புரட்டி, முதல் வரியில் கண்டதை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு, முந்தைய வரியில் தாம் எழுதியதே நினைவில் இருப்பதில்லை. மொழிபெயர்ப்பில் இன்று நான் காணும் பெருங்குறை இதுதான். ஒரு துறையின் சொற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஒன்றை மட்டும் பிடுங்கி நட்டால் மற்றவை சாயும்.

இனக்குழுவை ஆதரிப்பவர்களிடம் ஒரு நல்ல காரணம் உண்டு. அதை ஒதுக்க மாட்டேன். குலம் என்றால் தமிழ்க் காதில் சாதி விழுகிறது என்கிறார்கள். குலத்தொழில், குலப்பெருமை, தாழ்குலம் என்று அந்தச் சொல்லைப் பயன்படுத்தி எத்தனை பேரைத் தலைகுனிய வைத்தார்கள் என்பதை நானும் அறிவேன். ஆனால் அதே சொல்லின் இன்னொரு வாழ்வு நம் வீடுகளில் அழியாமல் இருக்கிறது. குலதெய்வம் என்கிறோம். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற தந்தைவழிப் பங்காளிகள் தங்களுக்குள் மணம் பேசுவதில்லை. பெண் பார்க்கத் தொடங்கும்போது பல வீடுகளில் முதல் கேள்வியே 'உங்களுக்கு எது குலசாமி?' என்பதுதான். மானிடவியலார் பக்கம் பக்கமாக எழுதிய வரையறையை நம் கிராமத்துப் பாட்டி ஒரே கேள்வியில் சொல்லிவிடுகிறாள். சாதி இந்தச் சொல்லைக் களவாடியது என்றால் மீட்பதுதான் வழி. திருமூலர் 'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்' என்று பாடியபோது அதைத்தான் செய்தார்.

வடசொல் என்று விலக்குகிறவர்களும் உண்டு. தூய தமிழ்மேல் எனக்கும் பற்று குறைவில்லை. ஆனால் 'குலம்பற்றி வாழ்தும்என் பார்' என்று வள்ளுவர் எடுத்தாண்ட சொல்லை இன்று விலக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் மங்கலான கூட்டுச்சொல்லை உட்கார வைப்பது தூய்மை ஆகாது. தனித்தமிழே வேண்டுமென்றால் கிளை இருக்கிறது. கிளைஞர் என்றால் உறவினர். 'கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்' என்பதும் குறள்தான். தென்மாவட்டத்து மறவரிடையே கிளை இன்றும் உயிருள்ள சொல். அங்கே பிள்ளைகள் தாயின் கிளையைச் சேர்வார்கள், ஒரே கிளைக்குள் மணம் கிடையாது. கிளைகள் சேர்ந்தது கொத்து; மிளகு, வெற்றிலை, தென்னை, பனை என்று கொத்துகளுக்குச் செடிகொடிகளின் பெயர். முளையிலிருந்து பிறந்த கேலிக் சொல்லுக்கு இதைவிட அழகான துணை உலகில் எங்கே கிடைக்கும்? மனம் அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. ஆயினும் கதைத் தலைப்பில் 'குகைக்கரடிக் கிளை' என்று போட்டால், வங்கிக்கும் கட்சிக்கும் கிளை வைத்துப் பழகிய இன்றைய வாசகர் தடுமாறுவார். ஆய்வு நூலில் கிளை, கதையில் குலம் என்பது என் தீர்ப்பு. கொங்கு நாட்டில் காடை, ஆந்தை என்று பறவைப் பெயரோடு வழங்கும் 'கூட்டம்' இதே பொருளுடையதுதான். ஆனால் மற்ற ஊர்களில் அச்சொல் பொதுக்கூட்டத்தையும் மந்தையையும் நினைவூட்டுவதால் தலைப்புக்கு உதவாது.

கடைசியாக ஒரு நுணுக்கமான மறுப்பு. அய்லா வளரும் குலத்தின் தலைவன் ப்ரூன். ஆவுல் காட்டும் அவனுடைய குலத்துக்குள்ளேயே மணம் நடக்கிறது. தலைவன் மகன் ப்ரௌட் கைப்பிடிக்கும் ஓகாவும் அதே குகையைச் சேர்ந்தவள். ஆகவே அது மானிடவியல் குலம் அல்ல, வெறும் குழு என்று வாதிடலாம். கணக்கு சரி, கதை அப்படி இல்லை. அந்த மக்களை ஒன்றாகக் கட்டுவது பிறவியிலேயே வரும் முன்னோர் நினைவு. மருத்துவச்சியின் மகள் மூலிகை அறிவோடு பிறக்கிறாள், நினைவூட்டினால் போதும். அய்லாவுக்கு அந்த நினைவு இல்லை. ஒவ்வோர் இலையையும் வேரையும் மனப்பாடம் செய்கிறாள். குறி கிடைத்தது, பெயர் கிடைத்தது, ஆனால் அந்த வழிவழி நினைவு மட்டும் எந்தச் சடங்காலும் கிடைக்காது. வழிவந்தவர் என்ற பொருள் சொல்லில் இல்லாவிட்டால் இந்த ஏக்கம் வாசகருக்கு எட்டாது. 'குழு'வில் யாரும் சேரலாம், விலகலாம். பெண் தொடக் கூடாத கவணைத் தொட்டதற்காக அய்லா ஒரு திங்கள் காலம் செத்தவளாக எண்ணப்படுகிறாள். எதிரே நின்றாலும் யாரும் பார்ப்பதில்லை. அவள் மீண்டு வருவது குழுவுக்கு அல்ல.

இன்னொன்று. அந்த மக்கள் ப்ரூனின் குகையாரையும் கிளான் என்கிறார்கள், தங்கள் மக்கள் அனைவரையும் சேர்த்தும் கிளான் என்கிறார்கள். பங்காளி முதல் மனிதகுலம் வரை நீளும் நம் சொல் இந்த இரண்டையும் இழுக்காமல் தாங்கும். பின்வரும் நாவல்களில் மாமுத்தோய் மக்கள் தங்கள் பிரிவுகளை முகாம் என்றும், செலாண்டோனி மக்கள் குகை என்றும் சொல்வார்கள். ஆசிரியர் மக்களுக்கு மக்கள் வேறு சொல் வைத்திருக்கிறார். அவற்றையும் முகாம், குகை என்றே வைக்க வேண்டும். எல்லாவற்றையும் இனக்குழு என்று மழித்துவிட்டால் அய்லா ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போனதே தெரியாது.

நியாண்டர்தால்கள் நம்மைக் குறிக்கும் சொல் ஒன்று மீதமிருக்கிறது. அதை 'மற்றவர்கள்' என்று பெயர்க்கிறார்கள். பிழை இல்லை, உயிரும் இல்லை. குலத்தாருக்கு எதிர்ச்சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது: அயலார். குலத்தார், அயலார் என்று இரண்டையும் வைத்து அந்த நாவலைத் தமிழில் சொல்லத் தொடங்குங்கள்.