கல்லூரிக் கட்டணம் இல்லை என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்க அரசுக் கல்லூரி ஒன்றின் நிதியுதவிப் பிரிவில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். கட்டணமில்லாக் கல்லூரித் திட்டம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், இனிப் பணமே கட்ட வேண்டாமா என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள். மாணவர் கட்டாத தொகையை அரசு எந்தக் கணக்கிலிருந்து, எந்த வரிசையில் எடுக்கிறது என்பதை முதலில் பாருங்கள் என்று நான் அவர்களிடம் சொல்வேன்.

டென்னசி மாநிலம் லாட்டரி வருவாயிலிருந்து ஒதுக்கிய நிதியில் நடக்கும் 'டென்னசி பிராமிஸ்' திட்டத்தில் முதல் மாணவர்கள் 2015இல் சேர்ந்தார்கள். குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் பெல் மானியமும் மாநில உதவித்தொகையும் போக மீதமிருக்கும் கட்டணத்தை மட்டுமே அது ஏற்கிறது. ஆகவே, பெல் மானியத்திலேயே கட்டணம் முழுவதும் அடைந்துவிடும் ஏழை மாணவருக்கு அதிலிருந்து ஒரு டாலரும் வராது. மானியத்துக்குத் தகுதி பெறாத நடுத்தரக் குடும்பத்துக்கே கூடுதலாகக் கிடைக்கும். இதே அமைப்புள்ள ஒரு திட்டத்தை நம்பி, வாடகைக்கு வழி பிறந்துவிட்டது என்று எண்ணி வந்த மாணவியிடம் இதை விளக்க நேர்ந்த நாள் இன்னும் என் நினைவில் இருக்கிறது. நியூ மெக்சிகோ 2022இல் விரிவாக்கிய திட்டத்திலோ மாநிலப் பணம் முதலில் கட்டணத்துக்குப் போய்விடுவதால், பெல் மானியம் புத்தகத்துக்கும் வாடகைக்கும் மிஞ்சுகிறது. மாநிலத்துக்குச் செலவு கூடினாலும் இதுவே நியாயமான வரிசை என்பது என் கருத்து.

பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் மாநிலங்கள் நிதி ஒதுக்கீட்டைக் குறைத்தபோது, அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை உயர்த்தியே பெரும்பாலும் சமாளித்தன. கட்டணமே இல்லாதபோது அந்த வழி அடைபட்டு, வரவு குறையும் ஆண்டில் வகுப்புகளின் எண்ணிக்கைதான் குறையும். செவிலியர் படிப்பு போன்றவற்றில் பேராசிரியர்களும் மருத்துவமனைப் பயிற்சியிடங்களும் கூடாவிட்டால், இலவசம் என்ற அறிவிப்பு காத்திருப்போர் பட்டியலைத்தான் நீட்டும். இது வெறும் ஊகமல்ல. தொடக்கம் முதல் கட்டணமின்றிக் கற்பித்து வந்த நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், நகரம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது 1976இல் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. லாட்டரிப் பணத்தில் 1993இல் தொடங்கிய ஜார்ஜியாவின் 'ஹோப்' உதவித்தொகையும், வருவாய் செலவுக்கு ஈடுகொடுக்காததால் 2011இல் சுருக்கப்பட்டது.

செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் 2017இல் கொண்டுவந்த மசோதா, கட்டணத்துக்கு ஈடான செலவில் 67 சதவீதத்தைக் கூட்டாட்சி அரசும் 33 சதவீதத்தை மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்றது. அந்த 33 சதவீதத்துக்குப் புதிய வரி இல்லையென்றால், அது ஏற்கெனவே உள்ள உதவித்தொகைகளிலிருந்தோ சிறு துறைகளின் ஒதுக்கீட்டிலிருந்தோ எடுக்கப்படும் என்பதே என் அச்சம்.

நிபந்தனைகளையும் படியுங்கள். நியூயார்க் மாநிலத்தின் 'எக்செல்சியர்' உதவித்தொகையைப் பெற்றவர், எத்தனை ஆண்டுகள் பெற்றாரோ அத்தனை ஆண்டுகள் படிப்புக்குப் பின் அம்மாநிலத்திலேயே வசிக்க வேண்டும். தவறினால் அது கடனாக மாறிவிடும். வேலைக்காக வேறு மாநிலம் போகும் எண்ணமுள்ள பிள்ளையின் பெற்றோர், விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன்பே இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும்.