மருந்துப் போத்தலின் லேபிளும் வாய்க்கால் கூனியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் நெல் வேளாண்மைக்கு எண்ணெய், அதாவது பூச்சிமருந்து, அடித்த மறுநாள் காலை வடிச்சல் வாய்க்காலோரம் நடந்தால் சில நேரம் கூனி இறால் வெளிறிப்போய்ப் புல்லில் ஒதுங்கிக் கிடப்பதைக் காணலாம், சிலது இன்னும் கால்களை அசைத்துக்கொண்டிருக்கும். நான் பார்த்த அன்று மருந்தடித்தவர் “பச்சைப் பட்டைதானே தம்பி, விஷம் குறைவு” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பட்டை யாருடைய உயிரை அளந்து போட்டது என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

போத்தல் லேபிளின் அடியிலுள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைப் பட்டைகள் எல்லாம் மனிதருக்கான ஆபத்தைக் காட்டுபவை. எலிக்குக் கொடுத்துப் பார்த்த அளவை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். பைரெத்ராய்ட் என்ற வகைப் பூச்சிமருந்தை நம் உடல் விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். ஆனால் கூனி, நண்டு, நீர்த்தெள்ளு (டாப்னியா என்ற மிகச் சிறிய நீருயிர்) எல்லாம் பூச்சிக்கு உறவுக்காரர், நரம்பும் அதே மாதிரித்தான், அதனால் நெல்லைத் தாக்கும் அறக்கொட்டியான் பூச்சியைக் கொல்வது இவற்றையும் கொல்லும். அந்த வகையைச் சேர்ந்த சைபர்மெத்ரின் ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே நீர்த்தெள்ளு அசைவற்றுப் போய்விடும். கணக்குப் பார்த்தால், ஓரடி ஆழத்தில் ஓர் ஏக்கர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரே ஒரு கிராம் மருந்து போதும். நீர்த்தெள்ளும் கூனியும் போனால் குஞ்சு மீனுக்குத் தீனி ஏது?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவு செய்யாத மருந்தை விற்க முடியாது, விற்பவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும், லேபிள் தமிழிலும் இருக்க வேண்டும். ஆகவே சிங்களத்தில் மட்டும் எழுதிய போத்தலையோ, சோடாப் போத்தலில் ஊற்றித் தருவதையோ வாங்காதீர்கள், தமிழில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. லேபிளில் மீன் படம் இருந்தால், அல்லது நீர்நிலையில் கலக்காதே என்ற வரி இருந்தால், பட்டை என்ன நிறமானாலும் அதைத்தான் முதலில் பாருங்கள். சந்தேகம் என்றால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் போத்தலையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இன்னொன்று, குளத்தில் மருந்து ஊற்றி மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி குற்றம். அந்த மீனைச் சாப்பிடுவது நம் பிள்ளைகள்தான்.

வயலில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அடிக்கும் முன் வக்கடையை, அதாவது வரம்பில் தண்ணீர் வெளியேறும் வாயை, அடைத்துவிடுங்கள், லேபிள் சொல்லும் நாள்வரை தண்ணீரை வடிக்க வேண்டாம், மழை இருட்டிக்கொண்டு வந்தால் அன்று அடிக்க வேண்டாம். மருந்தடிக்கும் டாங்கியை வாய்க்காலில் கழுவாதீர்கள். கழுவிய தண்ணீரை அடித்த வயலுக்குள்ளேயே விசிறிவிடுங்கள். வடிச்சல் தண்ணீர் கடைசியில் போய்ச் சேர்வது மட்டக்களப்பு வாவியில்தான்.