சாம்பல் கட்டங்களின் மேல் ஒரு நீலப் புள்ளி

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்தபடி வருபவர்களுக்கு இது புதிதல்ல. மலையில் ஏற ஏற சிக்னல் கோடுகள் குறையும். ஏதோ ஒரு வளைவில் அறவே நின்றுவிடும். வரைபடத்தில் அடுத்த பகுதி வராது, வெறும் சாம்பல் கட்டங்கள்தான் தெரியும். ஆனால் நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி மட்டும் அந்தக் கட்டங்களின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். பஸ் திரும்பினால் அதுவும் திரும்பும்.

கைப்பேசி நமக்குச் செய்வது இரண்டு வேலைகள். நாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது ஒன்று, அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று வரைந்து காட்டுவது இன்னொன்று. ஊருக்குள் இரண்டும் ஒன்றாகவே நடப்பதால் இரண்டுக்கும் இணையம் வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். முதல் வேலைக்கு இணையம் தேவையே இல்லை. இதை நம்பித்தான் ஜியோகேச்சிங் ஆடுபவர்கள் சிக்னல் இல்லாத மலைகளுக்கும் மொழி தெரியாத நாடுகளுக்கும் துணிந்து போகிறார்கள்.

விளையாட்டு எளிமையானது. ஒருவர் நீர் புகாத சிறு பெட்டி ஒன்றை எங்காவது மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் தேடிப் போய், பெட்டிக்குள் இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. அதுவரை 100 மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டில் கறுப்பு வாளி ஒன்றை மறைத்துவைத்து அதன் எண்களை வெளியிட்டார். இன்று உலகெங்கும் இப்படி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

சிங்கப்பூர்ப் பூங்காக்களில் பெட்டி தேடிப் பழகிய ஒருவர் விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குக் கோத்தகிரி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து டேட்டாவை நிறுத்தி வைத்திருக்கிறார். உள்ளூர் சிம் வாங்கினாலும் பல பள்ளத்தாக்குகளில் அது பேசப்போவதில்லை. அவருடைய கைப்பேசிக்கு எஞ்சியிருப்பது வானம் மட்டும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் அணுக்கடிகார நேரத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கைப்பேசி கேட்க மட்டும் செய்கிறது. பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. அதனால்தான் ஃப்ளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்கிறது. இடம் கண்டுபிடிக்கப்பட்டது என்ற சங்கதி செயற்கைக்கோளுக்குத் தெரியவே தெரியாது.

சிக்னல் இங்கே வந்து சேர ஏறத்தாழ 0.07 விநாடி ஆகிறது. எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரிந்தால் தொலைவு தெரிந்துவிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்தால் நாம் நிற்கும் இடம் கிடைத்துவிட வேண்டும். ஆனால் கைப்பேசிக்குள் இருப்பது மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். அது ஒரு மைக்ரோவிநாடி தவறினாலே கணக்கு 300 மீட்டர் புரண்டுவிடும். எனவே தன் கடிகாரத்தின் பிழையையும் நான்காவது விடையாக வைத்துக்கொண்டு, நான்காவது செயற்கைக்கோளின் துணையோடு கைப்பேசி சமன்பாட்டைத் தீர்க்கிறது. கைப்பேசிக்குச் சரியான நேரமும் இதில் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. (ஐன்ஸ்டைனுக்கும் இதில் பங்குண்டு. சார்பியல் விளைவால் மேலே இருக்கும் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி முந்துகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும்.)

எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது அந்தச் சிக்னலைக் கேட்க முடிகிறது என்பதுதான். தரைக்கு வரும்போது அதன் வலிமை ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துபோகிறது. கருவிக்குள் வெப்பத்தால் தானாக எழும் இரைச்சலே அதைவிடப் பெரியது. பிறகு எப்படி? ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கே உரிய 1,023 துடிப்புகள் கொண்ட ஒரு வரிசையை ஒரு மில்லிவிநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. அந்த வரிசைகளின் நகல் கைப்பேசியிடமும் உண்டு. வந்து விழும் இரைச்சலின் மேல் நகலை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பெருக்கிக் கூட்டிப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தாதவரை கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். சரியாகப் பொருந்தும் கணத்தில் கூட்டுத்தொகை சட்டென்று எழும். நகலை எவ்வளவு நகர்த்தினோமோ அதிலிருந்து சிக்னல் எடுத்துக்கொண்ட நேரம் கிடைக்கிறது.

நகர்த்திப் பார்க்க வேண்டியது நேரத்தை மட்டுமல்ல. செயற்கைக்கோள் விநாடிக்கு நான்கு கிலோமீட்டர் அளவில் பறப்பதால் சிக்னலின் அதிர்வெண்ணும் சற்று ஏறியோ இறங்கியோ வரும். அதையும் துழாவ வேண்டும். இப்போது எந்தச் செயற்கைக்கோள்கள் தலைக்கு மேலே இருக்கின்றன என்று முன்கூட்டியே தெரிந்தால் துழாவல் குறையும். இதற்கான பஞ்சாங்கத்தைச் செயற்கைக்கோள்களே ஒலிபரப்புகின்றன. விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அது முழுவதும் வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதையைச் சொல்லும் பகுதி மட்டும் 30 விநாடிக்கு ஒருமுறை வரும். அது சில மணி நேரத்துக்கே செல்லும்.

இணையம் இருக்கும் கைப்பேசி இந்த விவரங்களை ஒரு சர்வரிலிருந்து நொடியில் வாங்கிக்கொள்கிறது. ஊரில் ஜிபிஎஸ் உடனே இடம் காட்டுவதன் ரகசியம் இதுதான். இணையம் இல்லாவிட்டால் அதே கைப்பேசி வானத்திலிருந்து சொட்டுச் சொட்டாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இடையில் ஒரு மரக்கிளை குறுக்கிட்டு இரண்டு பிட் தவறினாலும் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். விமானத்தில் வந்து இறங்கியவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவருடைய கைப்பேசி கடைசியாக இடம் கண்டது சிங்கப்பூரில். அங்கே தெரியும் செயற்கைக்கோள்களை அது இங்கே தேடத் தொடங்கினால் முதல் தடவை இடம் காட்டச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். கருவி கெட்டுவிட்டது என்று பலர் கைவிடுவது அந்த நிமிடங்களில்தான்.

இதற்கு மருந்து எளிது. காலையில் தங்கியிருக்கும் வீட்டின் வைஃபையில் இணைத்து, முற்றத்தில் நின்று ஒருமுறை இடம் கண்டுகொள்ள விட்டால் போதும். பல கைப்பேசிகள் அடுத்த சில நாட்களுக்கான பாதைக் கணிப்பையும் அப்போதே இறக்கி வைத்துக்கொள்கின்றன. வழியில் திரும்பவும் தொடங்க நேர்ந்தால் சோலைக்குள் நுழைவதற்கு முன்பே, கொடைக்கானல் பக்கத்து மன்னவனூர் புல்வெளி போலத் திறந்த வெளியில் இரண்டு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். ஒருமுறை பிடித்த சிக்னலை மரத்தடியிலும் தொடர்வது எளிது, மரத்தடியில் புதிதாகப் பிடிப்பதுதான் கடினம். அதன்பிறகு ஃப்ளைட் மோடு. டவர் கிடைக்காத இடத்தில் கைப்பேசி முழு வலிமையோடு டவரைக் கூவி அழைத்துக்கொண்டே இருப்பதால் பேட்டரி கரைவது ஜிபிஎஸ்ஸால் கரைவதைவிட வேகமாக நடக்கும்.

இரண்டாவது வேலையான வரைபடத்துக்கு வருவோம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்ஆண்ட் போன்ற செயலிகள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொதுத் தரவை மாநிலம் மாநிலமாக முன்பே இறக்கிக்கொள்ள விடுகின்றன. அதில் படங்கள் இல்லை. சாலை என்றால் புள்ளிகளின் வரிசை, ஏரி என்றால் மூடிய கோடு, அவ்வளவுதான். கைப்பேசியே அவற்றை வரைந்துகொள்வதால் கோப்பு சிறிதாக இருக்கிறது. பெட்டிகளின் எண்களையும் குறிப்புகளையும் ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கி அதன் மேல் ஏற்றிக்கொள்ளலாம்.

மலையில் அதைவிட முக்கியமானவை சம உயரக் கோடுகள். கோடநாடு காட்சிமுனை போன்ற விளிம்பில் நிற்கும்போது, பெட்டி இன்னும் 400 மீட்டரில் இருக்கிறது என்று செயலியின் அம்பு காட்டலாம். அது வான்வழித் தொலைவு. நடுவில் பள்ளத்தாக்கு இருப்பது அம்புக்குத் தெரியாது, நெருங்கி நெருங்கி ஓடும் உயரக் கோடுகளுக்குத் தெரியும். இலவச வரைபடங்களில் இந்தக் கோடுகள் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாட்கள் ரேடாரால் பூமியை அளந்தெடுத்த தரவிலிருந்து வந்தவை. சுமார் 30 மீட்டர் இடைவெளிக்கு ஓர் உயரம்தான் அதில் உண்டு. 20 மீட்டர் பாறைச் செங்குத்து அதில் வெறும் சரிவாக மழுங்கிவிடும். அடர்ந்த கற்பூர மரத் தோப்பின் உச்சியையும் ரேடார் ஓரளவு தரையாகவே எடுத்துக்கொண்டது. ஆகவே காலடியைக் கோட்டை நம்பி வைக்கக் கூடாது.

எண்களை எழுதும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்த விளையாட்டில் பாகையும் (டிகிரி) தசமக் கலையும்தான் (மினிட்) வழக்கம். தொட்டபெட்டா உச்சியை ஒட்டிய ஓர் இடம் வடக்கு 11° 24.083', கிழக்கு 76° 44.150' என்று எழுதப்படும். கலையில் மூன்றாவது தசம இலக்கம் ஏறத்தாழ 1.8 மீட்டர். அதே எண்களை 11.24083°, 76.44150° என்று தசமப் பாகையாகத் தட்டிவிட்டால் 30 கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி, மேற்குச் சரிவைத் தாண்டிக் கேரளக் காட்டுக்குள் போய் நிற்க வேண்டியதுதான். சில செயலிகள் தாமே மாற்றிக் கொடுத்துவிடும், அப்படி இல்லாதபோது கலையை 60ஆல் வகுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்து, வானம் திறந்திருந்தால் கைப்பேசியின் பிழை 5 மீட்டர் அளவுதான். சோலைக்குள் அது அப்படி இருப்பதில்லை. ஈர இலைகள் சிக்னலை உறிஞ்சுகின்றன. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் பக்கத்துப் பாறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் சிக்னல் நீண்ட வழி வருவதால் தொலைவு கூடிவிட்டதாகக் கணக்கு காட்டும். பள்ளத்தாக்கின் இருபுறமும் மலை மறைக்க, தலைக்கு நேர் மேலே உள்ளவை மட்டும் தெரிந்தால் பக்கவாட்டு இடம் தள்ளாடும். ஐரோப்பாவின் கலிலியோ, ரஷ்யாவின் குளோனாஸ், சீனாவின் பெய்டூ ஆகிய செயற்கைக்கோள்களையும், சில கைப்பேசிகளில் நம் நாவிக்கையும் சேர்த்துக் கேட்பதால் இந்தக் குறை இப்போது பெரிதும் தணிந்திருக்கிறது.

தணியாத குறை மேலே அயனி மண்டலத்தில் இருக்கிறது. அங்கே உள்ள எலக்ட்ரான்கள் சிக்னலைத் தாமதப்படுத்துகின்றன. சில மீட்டர் முதல் பல பத்து மீட்டர் வரை பிழை வரலாம். செயற்கைக்கோள் அனுப்பும் திருத்தக் கணக்கு அதில் பாதியளவைத்தான் சரிசெய்யும். தென்னிந்தியா பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் இந்த அடுக்கு இங்கே பல நாடுகளைவிடக் கொந்தளிப்பானது. சூரியன் மறைந்த பிறகான சில மணி நேரம் குறிப்பாக மோசம். இதை ஆராயக் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரைவிடப் பொருத்தமான இடம் குறைவு. 1899இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகம் சூரியனைக் கவனித்ததோடு, பின்னாளில் ரேடியோ துடிப்புகளை மேலே அனுப்பி அயனி மண்டலத்தையும் அளந்தது. 2018க்குப் பிறகு வந்த சில கைப்பேசிகள் இரண்டு அதிர்வெண்களைக் கேட்கின்றன. ஒன்றைவிட மற்றது எவ்வளவு தாமதமாகிறது என்று பார்த்து, இந்தப் பிழையைத் தாங்களே கழித்துக்கொள்கின்றன.

உயரம் காட்டும் எண்ணை நம்புவதற்கு முன் ஒன்று. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் என்று பலகையில் படித்துவிட்டு, கைப்பேசியில் 2,550ஐ ஒட்டி ஏதோ ஓர் எண்ணைப் பார்த்து யாராவது குழம்பினால் தவறு பலகையுடையது அல்ல. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கணித வடிவமான ஒரு நீள்கோளத்திலிருந்து. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்திருப்பதால் அங்கே கடல் மட்டம் அந்தக் கோளத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. நீலகிரிப் பக்கம் சுமார் 90 மீட்டர். சில செயலிகள் இதைச் சேர்த்துக் காட்டுகின்றன, சில காட்டுவதில்லை.

கடைசிப் பத்து மீட்டரில் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுவது நல்லது. திரையில் 7 மீட்டர் என்று வரும். இரண்டடி வைத்தால் 4, நின்றால் 9. நாம் அசையவில்லை, கணக்குதான் அசைகிறது. நின்ற இடத்தில் அம்பின் திசையும் காந்தமானியிலிருந்து வருவது. காந்தப் பூட்டு வைத்த உறை போட்டிருந்தால் அது எங்கே வேண்டுமானாலும் திரும்பும். பெட்டியை வைத்தவருக்கும் இதே பிழைகள் இருந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. வேரிடுக்கு, கல் அடுக்கின் மேல் இயல்பாக விழாத ஒரு சில்லு, பாசி கலைந்த ஓரம் என்று கண்ணால் தேட வேண்டியதுதான். குறிப்பு வேண்டுமென்றால், ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதியிருப்பார்கள். தாளில் இரண்டு வரிசை எழுதினால் இணையம் இல்லாமலே அவிழ்த்துவிடலாம்.

இந்த மலைகளுக்கென்று சில விதிகளும் உண்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிக் கால் வைப்பது குற்றம். எண்கள் காட்டின் எல்லைக் கல்லுக்கு அப்பால் காட்டினால் திரும்பிவிட வேண்டும். காட்டு மாடு படுத்திருக்கும் புதர் எந்த வரைபடத்திலும் இருக்காது. பெட்டிக்குள் தின்பண்டம் வைக்கக் கூடாது. வாகனத்துக்கான இ-பாஸை மலையேறுவதற்கு முன்பே எடுத்து, படமாகச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் டவர் இல்லாத இடத்துக்கென்று செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வருவதுண்டு. வானத்தைக் கேட்பதற்கு இந்தியாவில் யாரும் தடை சொல்வதில்லை, வானத்தோடு பேசுவதற்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் அந்தக் கருவியை வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் தங்கியிருக்கும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.