பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் புது செல்களை எங்கே வைக்கிறார்கள்?

பார்க்கின்சன் நோய்க்கு ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக மாறக்கூடிய செல்) சிகிச்சை என்று செய்தி வரும்போதெல்லாம், பழைய செல்கள் அழிந்துபோன அதே இடத்தில் புது செல்களை வைப்பார்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பொதுவாக அந்த இடத்தை மருத்துவர்கள் தொடுவதில்லை. ஏன் என்று புரிந்துவிட்டால், இந்தச் சிகிச்சையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் புரிந்துவிடும்.

நடுமூளையில் கருமை படிந்த ஒரு சிறு பகுதி இருக்கிறது, பெயர் சப்ஸ்டான்ஷியா நைக்ரா. அங்குள்ள நரம்பு செல்கள், உடல் அசைவுகளைச் சீராக்கும் டோபமின் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கின்றன, ஆனால் அந்த டோபமின் தேவைப்படுவது சற்றுத் தள்ளி, புட்டாமென் என்ற பகுதியில். அதுவரை தங்கள் இழைகளை நீட்டி, அங்கே போய்த்தான் சுரக்கின்றன. இந்த செல்கள் கணிசமாக அழிந்த பிறகே கை நடுக்கமும் உடல் விறைப்பும் வெளியே தெரியவரும். டோபமினையே மருந்தாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, அதனால் நுழையக்கூடிய லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள், மூளை அதை டோபமினாக மாற்றிக்கொள்ளும். நல்ல மருந்துதான். ஆனால் சில வருடங்களில் மாத்திரையின் பலன் ஏறி இறங்க ஆரம்பிக்கும், கைகால்கள் தானாக நெளியும்.

சரி, செல்களையே வைத்தால்? நடுமூளையில் வைத்தால் அவை அவ்வளவு தூரம் இழை நீட்டிப் புட்டாமெனைச் சென்றடைவது கடினம். அதனால் நேராகப் புட்டாமெனிலேயே, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய ஊசி வழியாக இறக்குகிறார்கள். முழுதாக வளர்ந்த நரம்பு செல்களை இறக்கினால் பிழைக்காது. வேர் விட்ட மரத்தைப் பிடுங்காமல் நாற்றை நடுவதுபோல, இன்னும் நரம்பு செல்லாக மாறி முடிக்காத முன்னோடி செல்களை வைக்கிறார்கள். அவை உள்ளேயே வளர்ந்து இணைப்புகளை உண்டாக்க மாதக்கணக்கில் ஆகும், பலனும் மெதுவாகத்தான் தெரியும்.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1987-லேயே கருவின் நடுமூளைத் திசுவை வைத்துப் பார்த்தார்கள். சிலர் நன்றாகவே தேறினார்கள். ஆனால் 2001-இல் அமெரிக்காவில் 40 பேரிடம், பாதிப் பேருக்குப் போலி அறுவை (துளை மட்டும் இட்டு, செல் வைக்காமல்) செய்து ஒப்பிட்டபோது, பலன் எதிர்பார்த்த அளவு இல்லை, போதாக்குறைக்குச் சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் தானாக நெளியும் அசைவுகள் வந்தன. கருத் திசுவில் டோபமின் செல்களோடு, செரட்டோனின் என்ற வேறொரு மூளை ரசாயனத்தைச் சுரக்கும் செல்களும் கலந்திருந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவானது. ஒவ்வொரு நோயாளிக்கும் பல கருக்கள் தேவைப்பட்டதும் பெரிய சிக்கல்.

அப்புறம்தான் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகாவின் வேலை வந்தது. வளர்ந்த தோல் செல்லில் 4 மரபணுக்களைச் சேர்த்தால் அது கருநிலை செல்போல் மாறிவிடும் என்று 2006-இல் எலியிலும், மறுவருடம் மனித செல்லிலும் காட்டினார். 2012-இல் நோபல் பரிசு. இப்படிப்பட்ட செல்லிலிருந்து டோபமின் செல்களின் முன்னோடிகளை ஆய்வகத்தில் வேண்டிய அளவு வளர்க்கலாம், வேண்டாத செல்களை வடிகட்டலாம். இந்த வடிகட்டலில் சமரசமே கூடாது, மாறாத ஸ்டெம் செல் மிஞ்சினால் கட்டியாக வளரும் அபாயம் உண்டு. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தகஹாஷி குழு 7 பேருக்கு இதைச் செய்து 2025-இல் முடிவை வெளியிட்டது: 2 வருடங்களில் கடுமையான பாதிப்போ கட்டியோ இல்லை, பலன் அளக்கப்பட்ட 6 பேரில் 4 பேருக்கு, மருந்தின் வேகம் இல்லாத நேரத்து அசைவுகள் மேம்பட்டன. தொடக்க நிலைக் கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை வைத்து வட அமெரிக்காவில் 12 பேரிடம் நடந்த ஆய்வும் அதே சமயத்தில் வெளியானது, அதிலும் பாதுகாப்பு நன்றாகவே இருந்தது.

ஆனால் நோய்க்கான காரணம் அப்படியே இருக்கிறது. பழைய கருத் திசு சிகிச்சை பெற்று, பத்து வருடங்களுக்கும் மேல் வாழ்ந்து இறந்த சிலரின் மூளையை ஆராய்ந்தபோது, வைத்த செல்களுக்குள்ளேயே பார்க்கின்சன் நோயின் அடையாளமான, லூயி உருண்டை எனப்படும் புரதத் திரள்கள் காணப்பட்டன. 2008-இல் இது வெளியானது. நோய் புது செல்களையும் தொடுகிறது, மெதுவாக. புட்டாமெனில் செல் வைப்பதால் மலச்சிக்கலோ மறதியோ சரியாகப் போவதில்லை, அவை வேறு இடங்களில் தொடங்குபவை.

2025-இல் வெளியான இரண்டு ஆய்வுகளிலுமே ஒப்பிட்டுப் பார்க்கப் போலி அறுவைக் குழு இல்லை, பார்க்கின்சனில் குணமாகும் என்ற நம்பிக்கையே கூட மூளையில் டோபமினைச் சுரக்கவைக்கும் என்பதால் இது முக்கியமான குறை. வட அமெரிக்கக் குழு 2025-இல் தொடங்கிய மூன்றாம் கட்டப் பரிசோதனையில் போலி அறுவையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது முடியும் முன்பே ரத்தக் குழாயில் ஸ்டெம் செல் ஏற்றிக் குணமாக்குகிறோம் என்று யாராவது பணம் கேட்டால், ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த செல்கள் புட்டாமெனுக்கு எப்படிப் போகின்றன?