ஒரே டிஸ்க்கில் நாலு மணி நேரக் கல்யாணம்

வீடியோ எடிட்டிங் கடைக்கு இன்றும் டிவிடி கேட்டு ஆட்கள் வருகிறார்கள். "அப்பாவுக்கு அந்தப் பழைய பிளேயர்தான் சார் பழக்கம், டிஸ்க்கைப் போட்டா ஓடணும்" என்பார்கள். சிலர் வீட்டிலேயே முயன்று பார்த்துவிட்டு, கையில் ஒரு டிஸ்க்கோடு வருவார்கள். கம்ப்யூட்டரில் ஓடுகிறது, பிளேயரில் ஓடவில்லை என்பதுதான் புகார்.

அதைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு எம்பி4 ஃபைல் இருக்கும். பென் டிரைவில் காப்பி செய்கிற மாதிரி டிஸ்க்கில் காப்பி செய்திருப்பார்கள். வீட்டு பிளேயர் தேடுவது அதையல்ல, வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரை. அதற்குள் படமும் ஒலியும் சேர்ந்த விஓபி ஃபைல்கள், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ ஃபைல்கள், அவற்றின் நகலாக பியுபி ஃபைல்கள் இருக்க வேண்டும். படம் எம்பெக்-2 என்ற பழைய சுருக்கும் முறையில், நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறைப்படி 720க்கு 576 புள்ளி அளவில், நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படம் என்று அமைய வேண்டும். இவை 1990களில் முடிவான விதிகள். இப்போதைய செல்போன்கள் பதிவுக்குப் பயன்படுத்தும் ஹெச்.264, ஹெச்.265 என்ற சுருக்கும் முறைகளெல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. முகப்பில் டிவ்எக்ஸ் என்று அச்சிட்ட பிளேயர் என்றால் சில ஏவிஐ ஃபைல்களை நேரடியாகவே படிக்கும். அதை நம்பி எம்பி4 ஃபைலுக்கு ஏவிஐ என்று பெயர் மாற்றிப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது மாறாது.

மாற்றித் தர மென்பொருள் உண்டு. விண்டோஸ் 7இல் டிவிடி மேக்கர் கூடவே வந்தது, விண்டோஸ் 8இல் எடுத்துவிட்டார்கள். இலவசம் வேண்டுமென்றால் டிவிடி ஸ்டைலர் போதும். ஹேண்ட்பிரேக்கில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், அது டிவிடியிலிருந்து ஃபைல் எடுக்கும், டிவிடி செய்து தராது.

சிக்கல் இதற்கப்புறம்தான். "என் ஃபைல் 4 ஜிபிதான், டிஸ்க் 4.7 ஜிபி, தாராளமா போகுமே" என்பார்கள். ஃபைலின் ஜிபிக்கு இங்கே வேலையே இல்லை, எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. எம்பெக்-2வாக மாறும்போது பழைய அளவு போய்விடும். டிவிடியில் படத்துக்கு நொடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட் தகவல் கொடுக்கலாம். இரண்டு மணி நேரத்தை ஒரு டிஸ்க்கில் அடக்கினால், ஒலியையும் சேர்த்து நொடிக்கு 5.2 மெகாபிட் கிடைக்கும். கல்யாண வீடியோவுக்கு இது பழுதில்லை. நாலு மணி நேரத்தை அடக்கினால் 2.6தான்.

2.6இல் என்ன ஆகும் என்பதை நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்து வாசிக்கிற காட்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்னணி அசையாத காட்சி அது, குறைந்த பிட்டிலும் நன்றாகவே இருக்கும். தாலி கட்டும் இடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். ஹோமப் புகை, பின்னால் மின்னும் சீரியல் விளக்கு, எல்லாப் பக்கமிருந்தும் விழும் அட்சதை, எழுந்து நிற்கும் கூட்டம் என்று திரை முழுக்க ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறிக்கொண்டே இருக்கும். அத்தனையையும் எழுத பிட் போதாமல், பெண்ணின் முகமும் புடவைக் கரையும் கட்டம் கட்டமாக உடையும். எந்த நிமிடத்துக்காக வீடியோ எடுத்தார்களோ, சரியாக அந்த நிமிடம்தான் கெடும். இரண்டு முறை அலசி எழுதும் டூ-பாஸ் முறையில் அசையாத காட்சியில் மிச்சம் பிடித்து இங்கே கொடுக்கலாம். அதற்கும் ஓர் அளவு உண்டு.

அதனால் முகூர்த்தம் ஒரு டிஸ்க், ரிசப்ஷன் ஒரு டிஸ்க் என்று பிரித்துவிடுவதே நல்லது. 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் இருக்கிறதே என்றால், விலை கூட, பழைய பிளேயர்கள் சில அடுக்கு மாறுகிற இடத்தில் திக்கி நிற்கும். நான் பரிந்துரைப்பதில்லை.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்புவதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே என்டிஎஸ்சி முறை, 720க்கு 480. பால் டிஸ்க்கை அங்கத்திய பிளேயர்கள் பல ஏற்காது. இங்கே விற்கும் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் படிக்கும். செல்போனில் நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்ததை நான் இங்குள்ளவர்களுக்குக்கூட என்டிஎஸ்சியாகவே போடுகிறேன். 25க்குக் குறைத்தால், கேமராவைத் திருப்பும் இடமெல்லாம் உதறும். செல்போன் ஃபைலில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்குவதும் உண்டு. அதைச் சீராக்காமல் மாற்றினால் முதல் பத்து நிமிடம் சரியாக இருக்கும், அரை மணி கழித்து வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

தமிழ் சப்டைட்டில் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டிவிடியில் எழுத்து எழுத்தாகப் பதிவாகாது, படமாகத்தான் பதிவாகும். மென்பொருளில் சரியான தமிழ் ஃபாண்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வெறும் பெட்டிகள்தான் வரும்.

எழுதும்போது பழைய பிளேயர்களுக்கு டிவிடி-ஆர் டிஸ்க் வாங்குங்கள். 16 மடங்கு வேகம் என்று போட்டிருந்தாலும் எட்டு போதும். முடிவில் ஃபைனலைஸ் செய்ய, அதாவது எழுதியதை முடித்து டிஸ்க்கை மூட, மறந்தால் பிளேயருக்கு அது காலி டிஸ்க்தான். மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள், சுற்றும்போது ஆடும். டிஸ்க்குக்கென்று விற்கும் மார்க்கரால் எழுதினால் போதும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், 1920க்கு 1080இல் எடுத்த படம் பால் டிவிடிக்கு வரும்போது புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிறகு பெரிய டிவி வாங்கி, டிவிடியிலிருந்து தெளிவாக எடுத்துத் தாருங்கள் என்று கேட்டால் யாராலும் முடியாது. ஆர்டர் கொடுக்கும்போதே அசல் ஃபைலையும் ஹார்டு டிஸ்க்கில் தருவதாக பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடம் போதாமல் பழைய வேலைகளை அழித்துவிடுவது பல கடைகளில் வழக்கம், எங்கள் கடையிலும்தான்.