இக்சோரா: வாசலில் நிற்கும் வெட்சி

நர்சரிகளில் 'இக்சோரா' என்று எழுதி வைத்து விற்கும் பூச்செடியை நாம் பேச்சில் இட்லிப்பூ என்கிறோம். விருச்சிப்பூ என்பாரும் உண்டு. சிறு பூக்கள் நெருங்கி உப்பிய உருண்டைக் கொத்தாக நிற்பதைக் கண்டவர்கள் இட்லியின் பெயரை வைத்தது இயல்பே. ஆயினும் இச்செடிக்குச் சங்க இலக்கியம் தொட்டு வழங்கும் தமிழ்ப்பெயர் வெட்சி.

இக்சோரா என்பது ஐரோப்பியச் சொல்லாகத் தோன்றினாலும் அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஈசுவரன் என்னும் பெயரைப் போர்த்துகீசியர் தம் எழுத்தில் எழுதிய வடிவம் அது. அவர்கள் மொழியில் எக்ஸ் என்னும் எழுத்து 'ஷ' என்றும் ஒலிக்கும் என்பதை அறிந்தால், ஈசுவரனுக்கும் இச்சொல்லுக்கும் உள்ள நெருக்கம் விளங்கும். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதனைப் பேரினப் பெயராக்கினார்; நம் சிவப்பு வெட்சி 'இக்சோரா காக்சினியா' ஆனது. தென்னிந்தியாவும் இலங்கையும் தாயகமான இப்புதர்ச்செடி காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மலையாளத்தில் இது இன்றும் தெச்சி, செத்தி என்றே வழங்குகிறது.

தமிழிலோ வெட்சி என்றதும் பூ நினைவுக்கு வருவதில்லை. போரைப் பாடும் புறத்திணை நினைவுக்கு வருகிறது. பகைவரின் ஆநிரை கவரச் செல்லும் வீரர் இப்பூவைச் சூடியதால் அத்திணை இப்பெயர் பெற்றது. தொல்காப்பியம் வெட்சியைக் குறிஞ்சி என்னும் அகத்திணைக்கு இணையான புறத்திணையாக வைக்கிறது. தேர்வுக்காகத் திணையை மனப்பாடம் செய்யும் மாணவர், அந்தப் பூ தம் வீட்டு வாசலிலேயே பூத்திருப்பதை அறியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

திருமுருகாற்றுப்படை 'செங்கால் வெட்சிச் சீறிதழ்' என்கிறது. கொத்திலிருந்து ஒரு பூவை மெல்ல உருவிப் பாருங்கள்: நூல்போல் நீண்ட சிவந்த குழல், அதன் நுனியில் சிலுவைபோல் விரிந்த நான்கு சிற்றிதழ்கள். குழலின் அடியை உறிஞ்சினால் ஒரு துளித் தேன் நாக்கில் படும். செங்காலும் சீறிதழும் எவ்வளவு பொருத்தமான சொற்கள் என்பது அப்போது புரியும்.

வெட்சியை நடுவோர் முதலில் பார்க்க வேண்டியது மண்ணை. சற்றே அமிலத்தன்மையும் நல்ல வடிகாலும் உள்ள மண்ணில், நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் அது செழிக்கும். எங்கள் வீட்டில் மதிலுக்குப் பூச்சு வேலை செய்தபோது சிமெண்டுக் கலவை சிந்திய இடத்தில் ஒரு செடி வைத்தோம். சில மாதங்களில் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, தளிர்கள் முழுவதும் மஞ்சளித்துவிட்டன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க இயலாமையே காரணம். செடியைப் பெயர்த்து, மட்கிய தொழுவுரம் கலந்த செம்மண்ணில் வைத்த பிறகே புதுத்தளிர் பச்சையாக வந்தது.

வேலியாக வளர்ப்போர் செடிக்குச் செடி இரண்டடி முதல் மூன்றடி வரை இடைவெளி விடலாம். கிளை நுனியில்தான் கொத்து வருமாதலால், பூத்து முடிந்தவுடன் கவாத்து செய்ய வேண்டும். மொட்டு வரும் வேளையில் வெட்டினால் அந்தப் பருவத்துப் பூ போய்விடும். வெட்டிய கிளைகளில் பாதி முற்றியவற்றை அரை அடி நீளப் போத்துகளாக நறுக்கி, ஈர மணலில் ஊன்றி நிழலில் வைத்தால் வேர்விடும்.