ஹெலிகாப்டர் வந்துவிட்டது, உதிரிபாகம் யார் கையில்?

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ராணுவ உதவி தருகிறது என்றால், செய்தியில் வருவது கைகுலுக்கலும் வரிசையாக நிற்கும் வண்டிகளும்தான். இப்படிப்பட்ட திட்டங்களில் தளவாடப் பராமரிப்பைத் தணிக்கை செய்வது என் தொழில். போன இடத்தில் நான் முதலில் கேட்பது உதிரிபாக அறையின் சாவியைத்தான்.

ஒரு பட்டறையில் புத்தம்புது லாரிகள் நின்றன. பாதிக்கு மேல் ஓடவில்லை. பெரிய கோளாறு ஒன்றுமில்லை, எரிபொருள் வடிகட்டி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அலமாரி நிறையப் பிரிக்காத பெட்டிகள் இருந்தன. எல்லாம் வேறு மாடலுக்கானவை. கையேடு ஆங்கிலத்தில் இருந்ததால் மெக்கானிக்குகள் படத்தைப் பார்த்தே வேலை செய்தார்கள். உதவி கொடுத்த நாட்டின் ஏட்டில் அது நல்லபடியாக முடிந்த திட்டம்!

ஆப்கானிஸ்தானில் இதுவே பெரிய அளவில் நடந்தது. 2002 முதல் அந்நாட்டுப் படைகளுக்கு அமெரிக்கா ஒதுக்கியது சுமார் 8,800 கோடி டாலர். ஆப்கன் மெக்கானிக்குகளுக்குக் கைப்பழக்கமான ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகாப்டர்களை ஓரங்கட்டி, 2017 முதல் அமெரிக்காவின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைக் கொடுத்தார்கள். அதைப் பராமரிக்க வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள் வேண்டும். 2021-ல் அவர்கள் கிளம்பியதும் பழுதான ஹெலிகாப்டர்களைச் சரிசெய்ய ஆள் இல்லை. ஆகஸ்டில் காபூல் விழுந்தது. ஊழல், சம்பள பாக்கி, தலைமைக் குழப்பம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பராமரிப்பை மட்டுமாவது முன்கூட்டியே சரிசெய்திருக்க முடியும்.

இந்தச் சார்புநிலை சில சமயம் தெரிந்தே பிடியாகவும் பயன்படுகிறது. பாகிஸ்தான் அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானங்களுக்குப் பணம் கட்டியிருந்தது. அணு ஆயுதத் திட்டத்தைக் காரணம் காட்டி 1990-ல் அமெரிக்கா பிரெஸ்லர் சட்டத்திருத்தத்தை (பாகிஸ்தானிடம் அணு ஆயுதம் இல்லை என்று அதிபர் சான்று தராவிட்டால் ராணுவ உதவியை நிறுத்தும் சட்டம்) அமல்படுத்தியதும், அந்த விமானங்கள் அமெரிக்கப் பாலைவனத்திலேயே நின்றுவிட்டன. ஆனாலும் 1998-ல் பாகிஸ்தான் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. எகிப்துக்கு அமெரிக்கா 1987 முதல் ஆண்டுக்கு சுமார் 130 கோடி டாலர் ராணுவ உதவி தருகிறது. இஸ்ரேலுடனான 1979 சமாதானத்துக்கு அது பெரிய தூண். 2013-ல் எகிப்து ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபின் அமெரிக்கா சில தளவாடங்களை நிறுத்திவைத்தது. 2015-ல் எகிப்து பிரான்சிடம் 24 ரஃபேல் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. பிடியை இறுக்கினால் வாங்குகிறவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

சரி, அடுத்த முறை இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் எதைக் கேட்பது? மூன்றாம் ஆண்டில் பராமரிப்புச் செலவு யாருடையது, உதிரிபாகம் எங்கிருந்து வரும், உள்ளூர் ஆட்கள் எத்தனை பேர் பயிற்சி முடித்திருப்பார்கள் என்று கேளுங்கள். இவையெல்லாம் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருக்க வேண்டும். அங்கே இல்லையென்றால், அந்த வண்டிகள் பட்டறை வாசலில்தான் நிற்கப்போகின்றன.